கொள்ளைநோய்க் காலமும் நம் வழிபாட்டு மரபுகளும்

(முதலாம் ஆண்டு, முதுகலை வரலாறு)

முன்னுரை

2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 11-ஆம் நாள் உலகச் சுகாதார நிறுவனம் கொரோனா நோயை உலகப் பெருந்தொற்று என அறிவித்தது. அதே திங்கள் 25-ஆம் நாள் முதல் நாடெங்கும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. பள்ளிகளும் கல்லூரிகளும் மூடப்பட்டன. கோயில், பள்ளிவாசல், தேவாலயம் ஆகிய மூன்றின் கதவுகளும் ஒருங்கே சாத்தப்பட்டன. இப்படியொரு காலத்தைத் தாம் கண்டதும் இல்லை, கேட்டதும் இல்லை என்று முதியோர் கூறினர். அன்று பத்தாம் வகுப்பில் இருந்த எம் போன்றோர்க்குப் பொதுத்தேர்வு நடவாமலேயே தேர்ச்சி கிடைத்தது. பாடநூல்கள் பையிலேயே உறங்கின. ஆயினும் அந்த மாதங்களில் நாங்கள் ஒன்றும் கற்கவில்லை என்று சொல்ல முடியாது. வீட்டுப் பெரியோரின் பேச்சிலும், நிறுத்தப்பட்ட திருவிழாக்களிலும், கூடிச் செய்ய இயலாமற்போன சடங்குகளிலும் ஒரு பெரும் பாடம் இருந்தது.

அந்நாளில் இரு குரல்கள் எங்கும் ஒலித்தன. "நம் முன்னோர் எல்லாவற்றையும் அன்றே அறிந்திருந்தனர், மஞ்சளும் வேப்பிலையும் கைகூப்பி வணங்குதலும் அறிவியலே" என்றது ஒரு குரல். "மரபு என்பதெல்லாம் மூடநம்பிக்கை, அதைத் தூக்கி எறிந்தால்தான் நாடு உருப்படும்" என்றது மற்றொரு குரல். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகை போலத் தோன்றினும் ஒரு வகையில் உறவினவே. முன்னோர் உண்மையில் என்ன செய்தனர், ஏன் செய்தனர் என்று கேட்டறியும் உழைப்பிலிருந்து இரண்டுமே நம்மைத் தப்பவைக்கின்றன.

கொள்ளைநோய்க் காலத்தில் ஒரு மரபின் தகுதியை அளப்பதற்கு மூன்று கேள்விகள் போதும் என்பது என் கருத்து. அம்மரபு நோயாளியை எவ்வாறு நடத்துகிறது? உயிர் காக்கும் பொருட்டுத் தன் வழக்கத்தை விட்டுக்கொடுக்க அதற்கு இயலுமா? இறந்தவரை அது எவ்வாறு வழியனுப்புகிறது? இக்கேள்விகளை முன்வைத்து நம் வழிபாட்டு மரபுகளைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அம்மை என்னும் பெயர்

உடலை உருக்குலைத்து, கண்ணைப் பறித்து, உயிரையும் கொள்ளும் ஒரு நோய்க்கு 'அம்மை', அதாவது தாய், என்று பெயரிட்டது தமிழ் வழக்கு. நோய் கண்ட வீட்டாரிடம் "நோய் வந்துவிட்டதா?" என்று கேட்பதில்லை, "அம்மை வார்த்திருக்கிறதா?" என்பார்கள். கொப்புளங்களை 'முத்து' என்பார்கள். நோய் தணிவதை 'அம்மை இறங்குதல்' என்பார்கள். மாரியம்மன் அந்தத் தாயின் திருவுருவம். 'மாரி' என்ற சொல்லுக்கு மழை என்பது பொருள். கோடையின் கொடுமையும் வெப்பநோய்களும் மிகும் மாசி முதல் ஆடி வரையிலான மாதங்களில் இத்தெய்வத்துக்கு விழா எடுப்பதும், கூழ் வார்ப்பதும், நீர்மோரும் பானகமும் வழங்குவதும் இப்பெயரோடு பொருந்தியே அமைகின்றன.

சமயபுரத்தில் வழங்கும் ஒரு வழக்கம் இங்கு எண்ணத்தக்கது. பிற இடங்களில் தெய்வத்துக்காக அடியார் நோன்பிருப்பர். சமயபுரத்திலோ அடியாரின் நலத்துக்காக அம்மனே நோன்பிருக்கிறாள் என்பது நம்பிக்கை. மாசி மாதத்தின் கடைசி ஞாயிறன்று பூச்சொரிதலுடன் தொடங்கும் இந்தப் 'பச்சைப் பட்டினி விரதம்' 28 நாள்கள் நீடிக்கும். அந்நாள்களில் அம்மனுக்கு வழக்கமான தளிகை நைவேத்தியம் கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், கரும்பு, பானகம், இளநீர் ஆகியவையே படைக்கப்படும். அம்மை கண்டவருக்கு வீட்டில் கொடுக்கும் குளிர்ந்த உணவும் ஏறத்தாழ இவ்வகையினதே. மக்கள் நோயில் படுக்கும் பருவத்தில் தாயும் நோயாளியின் பத்தியத்தையே உண்கிறாள். நோயாளியைத் தாழ்ந்தவராக அல்லாமல் தெய்வத்தோடு ஒரே பந்தியில் வைத்துப் பார்க்கும் எண்ணம் இதில் உறைந்திருக்கிறது எனலாம்.

வேப்பிலை சொன்ன செய்தி

எங்கள் வீட்டில் அப்பாயிக்குச் சிறுவயதில் பெரியம்மை கண்டிருந்தது. முகத்தில் அதன் தழும்புகள் இன்றும் உள்ளன. ஊரடங்கு நாள்களில் அம்மை கண்ட வீட்டின் நடைமுறைகளை அவர் சொல்லச் சொல்ல நான் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். அவற்றுள் சில வருமாறு:

வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்துச் செருகப்படும். அதைக் கண்டவுடன் அயலார் உள்ளே வரமாட்டார்கள். வீட்டார் பிறர் வீட்டுக்கும் கோயில் திருவிழாவுக்கும் போகமாட்டார்கள். கொடுக்கல் வாங்கல் இராது. துணிகள் வெளுக்கப் போடப்படா. அடுப்பில் தாளிதம் கிடையாது, எண்ணெய் காயக்கூடாது, புலால் கூடாது. நோயாளியை வாழையிலையிலோ வேப்பிலை பரப்பிய படுக்கையிலோ கிடத்துவர். அரிப்பெடுத்தால் நகத்தால் சொறியாமல் வேப்பிலையால் வருடுவர். இளநீரும் நுங்கும் மோரும் கொடுப்பர். மாலையில் ஒருவர் அமர்ந்து மாரியம்மன் தாலாட்டுப் படிப்பார். முத்துகள் வாடியபின் வேப்பிலையும் மஞ்சளும் இட்டு வெயிலில் வைத்த நீரைத் தலைக்கு ஊற்றுவர். ஒற்றைப்படை நாள்களில், பெரும்பாலும் மூன்று முறை இவ்வாறு ஊற்றியபின்னரே அவ்வீட்டார் வெளியில் நடமாடத் தொடங்குவர்.

இவற்றைத் தொகுத்துப் பார்த்தால் தனிமைப்படுத்தல், ஓய்வு, எளிய உணவு, தூய்மை என்ற நான்கும் இருப்பதைக் காணலாம். எனினும் இதை வைத்துக்கொண்டு, கிருமியியலை நம் முன்னோர் அறிந்திருந்தனர் என்று கூறுவது பொருந்தாது. அவர்கள் அறிந்தது பழக்கத்தால் வந்த அறிவு. நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவுவதைத் தலைமுறை தலைமுறையாகக் கண்டு அதற்கேற்ப நடந்துகொண்ட அறிவு. அந்த அறிவுக்கு எல்லையும் உண்டு. பெரியம்மையின் கொடிய வகை கண்டவர்களில் பத்தில் மூவர் அளவுக்கு இறந்தனர். வேப்பிலையும் தாலாட்டும் அந்த எண்ணிக்கையை மாற்றிவிடவில்லை. என் அப்பாயியுடன் படுத்த அவர் தம்பி எழவேயில்லை.

அப்படியானால் அந்த நடைமுறைகளால் என்ன பயன் என்று கேட்கலாம். அதற்கு அப்பாயியே ஒரு விடை சொன்னார். 2020-இல் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் நோய் கண்டபோது வாசலில் அறிவிப்புத் தாள் ஒட்டப்பட்டது. தெருமுனையில் தகரத் தடுப்பு அடிக்கப்பட்டது. அந்த வீட்டுப் பெண் பல நாள் வரை யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. "அப்பவும் யாரும் வரமாட்டாக, இப்பவும் யாரும் வரலை. ஆனா வேப்பிலையைப் பார்த்தா கும்பிட்டுட்டுப் போவாக, இந்தத் தகரத்தைப் பார்த்தா ஓடுறாகளே" என்றார் அவர்.

இரண்டும் தனிமைப்படுத்தலே. தொற்றைத் தடுப்பதில் இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன. ஆனால் வேப்பிலை "இவ்வீட்டுக்குத் தாய் வந்திருக்கிறாள்" என்று சொன்னது. தகரமோ "இவ்வீட்டில் ஆபத்து இருக்கிறது" என்று சொன்னது. நோயாளியின் மானத்தைக் காத்துக்கொண்டே அவரை ஒதுக்கி வைக்கும் முறையை நம் மக்கள் கண்டிருந்தனர். மருத்துவம் வளர்ந்த இக்காலத்தில் அந்த ஒன்றை நாம் தொலைத்துவிட்டோமோ என்ற ஐயம் எழுகிறது.

கட்டுப்பாடு மானத்தை மதியாதபோது என்ன நேரும் என்பதற்கு வரலாற்றில் சான்று உண்டு. 1896-இல் பம்பாயில் பிளேக்கு நோய் பரவியது. 1897-இல் கொள்ளைநோய்ச் சட்டம் பிறந்தது. 2020-இலும் பயன்படுத்தப்பட்ட சட்டம் இதுவேயாகும். அச்சட்டத்தின் துணையோடு புனே நகரில் படைவீரர் வீடு வீடாகப் புகுந்து சோதனையிட்டனர். பூசையறையும் பெண்டிர் அறையும் தப்பவில்லை. மக்களின் சினம் கொலையில் முடிந்தது. பிளேக்கு ஆணையர் ராண்டு 1897 ஜூன் 22 இரவு சபேகர் சகோதரர்களால் சுடப்பட்டார். சோதனையின் நோக்கம் நோயைத் தடுப்பதே. ஆனால் அது செய்யப்பட்ட முறை மக்களை நோயைவிட அரசுக்கு அஞ்சச் செய்தது.

'கல்வி விரும்பன்' எழுதிய கடிதம்

"எல்லாம் நம் நூல்களில் உள்ளது" என்ற பேச்சு புதியதன்று. அதன் வரலாற்றில் ஒரு சுவையான நிகழ்ச்சி நம் சென்னையிலேயே நடந்திருக்கிறது.

1796-இல் இங்கிலாந்தில் எட்வர்டு ஜென்னர் பசு அம்மையிலிருந்து பெற்ற பாலைக் குத்திப் பெரியம்மையைத் தடுக்க முடியும் என்று கண்டார். 1802 ஜூன் 14-இல் பம்பாயில் ஒரு குழந்தைக்கு அம்மை குத்தப்பட்டது. இந்தியாவில் வெற்றியாக நடந்த முதல் அம்மைக்குத்து அது. பின்னர் சென்னை மாகாணத்துக்கும் அம்முறை வந்தது. மக்கள் தயங்கினர். ஒருவர் கையிலிருந்து எடுத்ததை மற்றவர் கையில் குத்துவதைச் சாதி வழக்கம் ஏற்கவில்லை. தாய் தந்த முத்தைத் தடுப்பது தெய்வக் குற்றம் என்ற அச்சமும் இருந்தது.

இந்நிலையில் 1819 சனவரியில் 'மெட்ராஸ் கூரியர்' இதழில் 'கல்வி விரும்பன்' என்ற புனைபெயரில் ஒரு கடிதம் வெளியாயிற்று. பசு அம்மை குத்தும் முறை தன்வந்திரியின் பெயரால் வழங்கும் பழைய வடமொழி நூலிலேயே கூறப்பட்டுள்ளது என்பது அதன் சாரம். இச்செய்தி ஐரோப்பா வரை சென்றது. பிற்காலத்தில் பலரால் உண்மையென்றே மேற்கோள் காட்டப்பட்டது. ஆனால் ஆய்வாளர் தேடியபோது ஜென்னருக்கு முற்பட்ட அத்தகைய நூல் கிடைக்கவில்லை. திராவிட மொழிகள் ஓரினம் என்று 1816-இலேயே எடுத்துக்காட்டிய எல்லிஸ் துரையின் முயற்சிகளோடு இதனை ஆய்வாளர் தொடர்புபடுத்துகின்றனர். மக்கள் புதிய மருத்துவத்தை ஏற்கவேண்டும் என்ற நல்லெண்ணத்தால் அதற்குப் பழமையின் ஆடை உடுத்தப்பட்டது என்பது அவர்கள் முடிவு.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? நம் பெருமை என்று எண்ணி நாம் பரப்பும் சில செய்திகள், நம்மை இணங்கவைக்கப் பிறர் புனைந்தவையாக இருக்கலாம். ஆகவே மரபைப் போற்றுவோரே மற்றவரினும் கவனமாகச் சான்று கேட்கவேண்டும். பொய்ச்சான்றின் மேல் நிறுத்திய பெருமை, சான்று சரிந்தவுடன் தானும் சரியும். உண்மையாகவே நம்மிடம் இருந்தவற்றுக்கும் அப்போது மதிப்பில்லாமற் போகும். ஜென்னருக்கு முன்பே வங்காளத்தில் பெரியம்மைக் கொப்புளத்தின் பொருளையே எடுத்துக் குத்தும் வழக்கம் சீதளாதேவி வழிபாட்டோடு இணைந்து நடந்ததை ஹால்வெல் என்ற ஆங்கில மருத்துவர் 1767-இல் எழுதியுள்ளார். இது சான்றுள்ள செய்தி. இதைச் சொல்ல நமக்குப் புனைவு தேவையில்லை.

இறுதியில் பெரியம்மையை வென்றது தடுப்பூசியே. 1975-க்குப் பின் இந்தியாவில் அந்நோய் இல்லை. 1980 மே 8-இல் உலகிலிருந்தே அது ஒழிந்ததாக உலகச் சுகாதாரப் பேரவை அறிவித்தது. நோய் ஒழிந்தபின் மாரியம்மன் கோயில்கள் வெறிச்சோடியிருக்கவேண்டுமே! அவ்வாறு ஆகவில்லை. சமயபுரத்தில் கூட்டம் பெருகவே செய்தது. மக்கள் அத்தெய்வத்திடம் தேடியது நோய்க்கு மருந்து மட்டுமன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

புதிய நோயும் பழைய தாயும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவைப் பகுதியைப் பிளேக்கு நோய் வாட்டியது. அதுவரை அறியாத அந்த நோயையும் மக்கள் தம் தாயிடமே கொண்டு சென்றனர். பிளேக்கு மாரியம்மன் என்ற பெயரில் கோவையில் இன்றும் கோயில்கள் உள்ளன. 2021-இல் இரண்டாம் அலை வீசியபோது, அதே கோவையில், இருகூர்ப் பக்கத்துக் காமாட்சிபுரி ஆதீனத்தில் 'கொரோனா தேவி' சிலை அமைக்கப்பட்டு வேள்வி நடத்தப்பட்டது. செய்தித்தாள்களில் இதைக் கண்டு நகைத்தோர் பலர்.

நகைப்பதற்கு முன் ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். 1918-இல் இன்புளுயன்சா காய்ச்சல் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. 1911-க்கும் 1921-க்கும் இடையில் நாட்டின் மக்கள்தொகையே குறைந்தது. மக்கட்கணக்கெடுப்பு வரலாற்றில் அவ்வாறு குறைந்தது அந்த ஒரு பத்தாண்டில்தான். அவ்வளவு பெரிய சாவு நம் பாடநூல்களில் எத்தனை வரி பெற்றுள்ளது? கோவை மக்களோ பிளேக்கு என்ற பெயரைக் கோயிலின் பெயரிலேயே வைத்துக் காத்தனர். கல்வியறிவு பெறாத மக்களுக்குக் கோயிலே நினைவேடு. எந்த நோய் நம் ஊரை எப்போது வாட்டியது என்று எழுதி வைக்கும் வசதியற்றவர் கல்லில் நட்டு வைத்தனர்.

ஆயினும் இதற்கும் ஓர் எல்லை வேண்டும். சிலை வைத்தவர் தடுப்பூசியையும் போட்டுக்கொண்டால் குற்றமில்லை. சிலை இருக்கிறதென்று ஊசியை மறுத்தால் அது தாயை வணங்குவது ஆகாது.

வளைந்து கொடுத்த விழாக்கள்

விழா என்றால் கூட்டம். கூட்டமின்றி விழா உண்டா? 2020-இல் எல்லாச் சமயத்தாரும் இந்தக் கேள்வியைச் சந்தித்தனர்.

மதுரைச் சித்திரைத் திருவிழா நிறுத்தப்பட்டது. மீனாட்சி திருக்கல்யாணம் மட்டும் மே 4-ஆம் நாள் சிவாச்சாரியார் சிலர் நடத்த, கோயிலுக்குள்ளேயே நிகழ்ந்தது. மக்கள் அதை நேரடி ஒளிபரப்பில் கண்டனர். அன்று தாலிக்கயிறு மாற்றிக்கொள்ளும் வழக்கமுள்ள பெண்கள் தத்தம் வீட்டிலேயே மாற்றிக்கொண்டனர். கள்ளழகர் வைகையில் இறங்கவில்லை. மதுரை மக்களுக்கு அது எத்தகைய இழப்பு என்பதை அவ்வூரார் அறிவர். 2022-இல் அழகர் மீண்டும் ஆற்றில் இறங்கியபோது கூடிய மக்கள் வெள்ளமே அதற்குச் சான்று.

அந்த ஆண்டு நோன்பு மாதத்தில் பள்ளிவாசல்களில் கஞ்சி காய்ச்சி எல்லோருக்கும் வழங்கும் வழக்கம் நின்றது. நோன்புக் கஞ்சிக்காக அரசு தரும் பச்சரிசி வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. பெருநாள் தொழுகை வீடுகளில் நடந்தது. சவூதி அரேபியாவில் வாழ்வோர் மட்டும், அவர்களிலும் மிகச் சிலரே, ஹஜ்ஜுக் கடமையை நிறைவேற்றினர். குவைத்தில் பாங்கோசையில் "இல்லங்களிலேயே தொழுங்கள்" என்ற பொருள்பட அறிவிப்புச் சேர்க்கப்பட்டது. கேட்டவர் கண் கலங்கினர். ஆனால் அது புதிதாகப் புகுத்தியதன்று. கடும் மழை நாளுக்கென அம்மரபிலேயே இருந்த சலுகை. கி.பி. 639 வாக்கில் சிரியாவில் கொள்ளைநோய் பரவியபோது கலீபா உமர் அந்நாட்டின் எல்லையிலேயே பயணத்தை நிறுத்தித் திரும்பினார். நோயுள்ள ஊருக்குள் புகவேண்டா, நோயுள்ள ஊரிலிருந்து வெளியேறவும் வேண்டா என்ற நபிகளின் அறிவுரை அவருக்கு அப்போது எடுத்துரைக்கப்பட்டது.

வேளாங்கண்ணியில் ஆகத்து 29 அன்று கொடியேறியது. கீழே மக்கள் இல்லை. ரோமில் மார்ச்சு 27 மாலை, மழையில் நனைந்த வெற்றுச் சதுக்கத்தில் போப்பு பிரான்சிசு தனியே நின்று வேண்டினார். அன்று அங்கு வைக்கப்பட்ட மரச் சிலுவை, 1522-இல் ரோமைப் பிளேக்கு வாட்டியபோது தெருத்தெருவாக எடுத்துச் செல்லப்பட்டது. அன்று நோயைப் போக்க மக்களைக் கூட்டிய அதே சிலுவை, இப்போது மக்கள் கூடாதிருக்க வேண்டிய காலத்தில் தனித்து நின்றது.

நம் கிராமங்களில் காப்புக் கட்டியபின் வெளியூரில் இரவு தங்கலாகாது என்பது கட்டுப்பாடு. 2020-இல் பல ஊர்களில் அந்தக் காப்பே கட்டப்படவில்லை. "தெய்வம் கோபிக்காதா?" என்று கேட்டவர்களுக்குப் பூசாரிகள் "ஊர் பிழைத்திருந்தால் அடுத்த ஆண்டு கட்டலாம்" என்று விடை கூறினர். எத்தனையோ தலைமுறையாக நடந்துவரும் ஒன்றை மரபின் காவலர்களே நிறுத்தி வைத்தனர். முறியாமல் இருக்க வளையத் தெரியவேண்டும். இத்தனை காலம் இவ்விழாக்கள் நிலைத்து நின்றதற்கே இந்த வளைவு காரணமாக இருக்கக்கூடும்.

இந்த வளைவின் சுமை எல்லோர் தோளிலும் ஒன்றுபோல் விழவில்லை என்பதையும் சொல்லவேண்டும். பங்குனி முதல் ஆடி வரை நாகசுரம், தவில், கரகம், தெருக்கூத்து ஆகியவற்றின் பருவம். அந்தச் சில மாத வருவாயே கலைஞருக்கு ஓராண்டுச் சோறு. தொடர்ந்து இரண்டு பருவங்கள் அவர்களுக்கு இல்லாமற் போயின. நலவாரியத்தில் பதிந்தோருக்கு அரசின் நிவாரணம் கிடைத்தது, பதியாதவர் பலர். திருக்கல்யாணத்தைத் திரையில் கண்டு கைகூப்பிய நாம், வாசிக்க ஊரின்றி வீட்டில் உறையிட்டு வைத்த தவிலை எண்ணினோமா?

பழி தேடும் மனம்

இதுவரை மரபின் அன்பையும் வளைவையும் கண்டோம். மூன்றாவது முகம் ஒன்று உண்டு. அதை மறைத்தால் இக்கட்டுரை நேர்மையுடையது ஆகாது.

சிலப்பதிகாரத்தின் முன்னுள்ள உரைபெறு கட்டுரை ஒரு செய்தியைக் கூறுகிறது. பாண்டிநாட்டில் மழை பொய்த்து, வறுமையோடு வெப்பநோயும் கொப்புளநோயும் தொடர்ந்தன. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் கண்ணகிக்கு ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டு விழா எடுத்தான். மழை பெய்தது, நோய் நீங்கியது என்பது செய்தி. தவறு செய்தவன் ஒரு பொற்கொல்லன். அவனும் எப்போதோ செய்தது. பலியானவர் ஆயிரவர். நோய் வந்தால் எவரையேனும் பழிகாரராக்கிப் பலியிடும் மனம் நம் பழைய இலக்கியத்திலேயே பதிவாகியிருக்கிறது.

அந்த மனம் இன்னும் சாகவில்லை. 2020 மார்ச்சில் தில்லியில் ஒரு சமயக் கூட்டத்தில் கலந்துகொண்டோரிடையே நோய் பரவியது. அதன்பின் ஒரு சமயத்தார் அனைவர் மீதும் பழி சுமத்தப்பட்டது. அவர்களிடம் காய்கறி வாங்காதே என்ற பேச்சும் எழுந்தது. அக்கூட்டத்துக்கு வந்த வெளிநாட்டார் மீது தொடுத்த வழக்குகளை 2020 ஆகத்தில் தள்ளுபடி செய்த மும்பை உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் கிளை, அவர்கள் பலிகடாவாகத் தேர்ந்தெடுக்கப்பட்டனர் என்ற கருத்தையே வெளியிட்டது. பலிகடா என்ற சொல்லைக் கேட்கும்போது கொற்கையின் பொற்கொல்லர் நினைவுக்கு வராமல் இரார்.

2020 ஏப்ரலில் சென்னையில், கொரோனாவால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யச் சென்றவர்களை ஒரு கூட்டம் கல்லாலும் கட்டையாலும் தாக்கி விரட்டியது. உடன் பணிபுரிந்த மருத்துவர் ஒருவரே நள்ளிரவில் குழியை மூட நேர்ந்தது. இறந்தவர் பிணம் போகும்போது எழுந்து நின்று, கடையடைத்து, வழிவிடும் வழக்கமுள்ள நாடு இது. அச்சம் அந்த வழக்கத்தை ஓரிரவில் அழித்தது. அடக்கத்தைத் தடுப்போருக்கு மூன்றாண்டு வரை சிறை என்று தமிழக அரசு அவசரச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று.

இலங்கையில் அச்சத்துக்கு அரசே ஆணை வடிவம் தந்தது. கொரோனாவால் இறந்தோரை எரிக்கவே வேண்டும் என்று 2020 ஏப்ரலில் அரசிதழில் விதி வெளியாயிற்று. அடக்கம் செய்தாலும் தீங்கில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறியிருந்தும், புதைப்பதையே கடமையாகக் கொண்ட முஸ்லிம்களின் உடல்களும் எரிக்கப்பட்டன. கொழும்பு பொரளை மயானத்தின் கம்பிக் கதவில் மக்கள் வெள்ளைக் கபன் துணிக் கீற்றுகளைக் கட்டித் தம் துயரைத் தெரிவித்தனர். 2021 பிப்ரவரியில்தான் விதி தளர்ந்தது. அதன்பின் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் அடக்கங்கள் நடந்தன. 2024 சூலையில் இலங்கை அமைச்சரவை இதற்காக மன்னிப்புக் கோர முடிவு செய்தது. எரிந்த உடல்களுக்கு மன்னிப்பு ஈடாகாது. எனினும் தவறு தவறென்று ஏட்டில் ஏறியது.

இந்த இருளில் ஒளியும் இருந்தது. தமிழகத்தின் பல ஊர்களில், உறவினரே தொட அஞ்சிய உடல்களை முஸ்லிம் இளைஞர்கள் முன்வந்து ஏற்றனர். இறந்தவர் இந்துவானால் சுடுகாட்டுக்கும், கிறித்தவரானால் கல்லறைத் தோட்டத்துக்கும் எடுத்துச் சென்று, அவரவர் முறைப்படியே வழியனுப்பினர். பிறர் சடங்கைப் பிறர் மதித்துச் செய்த அந்த நாள்களில், எந்த வகுப்பறையிலும் கிடைக்காத பண்பாட்டுக் கல்வி இந்நாட்டுக்குக் கிடைத்தது.

முடிவுரை

2023 மே 5-இல் உலகச் சுகாதார நிறுவனம் கொரோனா நெருக்கடிநிலை முடிந்ததாக அறிவித்தது. தகரத் தடுப்புகள் அகன்றன, தேர்கள் ஓடுகின்றன, நோன்புக் கஞ்சி மீண்டும் கொதிக்கிறது. எல்லாம் மறந்து பழையபடி ஆகிவிட்டோம். மறந்துவிட்ட 1918-ஐப் போல இதுவும் மறைந்துபோகலாம்.

அவ்வாறு மறையாதிருக்க மாணவராகிய நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நம் ஒவ்வொருவர் வீட்டிலும் பெரியம்மையைக் கண்ட கடைசித் தலைமுறையினர் இன்னும் சிலர் இருக்கின்றனர். காலரா நாள்களை நினைவில் வைத்திருப்போரும் உள்ளனர். அவர்களிடம் சென்று அமர்ந்து கேட்டு எழுதிவைப்போம். எந்த வீட்டில் எத்தனை பேர் இறந்தனர், யார் அருகிருந்து பார்த்துக்கொண்டனர், எந்தத் தெருவாரை ஊரார் அன்று ஒதுக்கினர் என்ற மூன்றையும் சேர்த்தே கேட்போம். முதலிரண்டை மட்டும் எழுதினால் அது பெருமைப் பட்டியல் ஆகிவிடும். மூன்றாவதை மட்டும் எழுதினால் அது குற்றப் பத்திரிகை ஆகிவிடும். மூன்றும் சேர்ந்ததே வரலாறு. நமது துறையின் சார்பில் அத்தகைய ஏடொன்று தொகுக்கப்பட்டுக் கல்லூரி நூலகத்தில் வைக்கப்படுமாயின் அது பின்வருவோர்க்குப் பெரிதும் பயன்படும். ஆசிரியப் பெருமக்கள் இதற்கு வழிகாட்டவேண்டும் என வேண்டுகிறேன்.

கொள்ளைநோய் இனியும் வரும். மருந்தைத் தேடுவது மருத்துவர் பணி. அந்நாளில் நோயாளியின் வாசலில் நாம் தொங்கவிடப்போவது வேப்பிலையா, தகரமா என்பதை முடிவு செய்வது மட்டும் நம்முடையது.